பெயரன்: பாட்டன் மனையின் நகை

தமிழிலக்கியத்தில் குழவிப் பருவம் பெற்றுள்ள இடம் சிறிதன்று. திருவள்ளுவர் மக்கட்பேற்றிற்கென ஓர் அதிகாரம் வகுத்தார். பாண்டியன் அறிவுடைநம்பி, உண்கலத்துள் கையிட்டுத் துழாவி, நெய்ச்சோற்றை மேனியெங்கும் சிதறிக்கொள்ளும் சிறுமகவைப் புறநானூற்றின் 188ஆம் பாட்டில் கண்முன் நிறுத்தினான். பெரியாழ்வார் தம்மை யசோதையாக்கிக்கொண்டு கண்ணனைத் தாலாட்டினார். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களோ குழவியின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பகுத்து, ஒவ்வொன்றற்கும் ஓர் ஆடலை வகுத்துவைத்தன. இவையெல்லாம் பெற்றோர் நோக்கிலும் செவிலித்தாயர் நோக்கிலும் நின்று பாடப்பட்டவை. இவற்றைக் கற்கும் மாணவர்க்கு ஓர் ஐயம் எழுதல் வேண்டும்; எழுவதில்லை. இத்துணைக் குழவிகள் தவழ்ந்தும் நடந்தும் சிறுதேர் உருட்டியும் விளையாடும் இவ்விலக்கியப் பெருமனையில், பாட்டனும் பாட்டியும் எங்கே சென்றனர்?

அவர்கள் எங்கும் செல்லவில்லை, வேறு பெயரில் அம்மனையிலேயே இருக்கின்றனர் என்பதே யாம் ஈண்டுக் காட்டப் புகும் கருத்தாகும்.

முதற்கண் சொல்லை ஆராய்தல் வேண்டும். 'பாட்டி' என்னும் சொல்லைத் தொல்காப்பியத்தில் தேடிச் செல்வார்க்கு மரபியலில் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. ஆசிரியர் அச்சொல்லைப் பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்பாற்குரிய மரபுப் பெயராக ஓதினார், மூதாட்டிக்கு ஓதினாரல்லர். வகுப்பில் இந்நூற்பாவைப் பாடம் சொல்லுங்கால் மாணவர் சிரியாதிருந்த ஆண்டினை யாம் கண்டதில்லை. இனி, மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் பாணரொடு சேர்த்துப் பாட்டியரையும் வருகவென அழைக்கும் இடத்து, அச்சொல் பாண்மகளிரைக் குறித்தது. ஆகவே பெற்றோரைப் பெற்றவள் என்னும் இன்றைய பொருள் அச்சொல்லிற்குப் பின்னர் வாய்த்தது எனல் பொருந்தும். பாடும் பெண்ணைக் குறித்த சொல், பெயரர்க்குப் பாட்டும் கதையும் சொல்லும் மூதாட்டிக்கு உரியதாயிற்றோ என்று எண்ணத் தோன்றுகிறது. அது சொற்பிறப்பியலார் முடிபு கூறவேண்டிய செய்தி. எமக்கு அவ்வெண்ணம் இனிக்கிறது என்பதற்கு மேல் யாம் அதனை வற்புறுத்தவில்லை.

இவ்வுறவிற்கு நாடு முழுதும் ஒரே விளிப்பெயர் அமையவில்லை. நெல்லைச் சீமையில் ஆச்சி என்பர். கொங்கு நாட்டில் தாயைப் பெற்றவனை அப்புச்சி என்றும், தந்தையைப் பெற்றவளை அப்பத்தா என்றும் விளிப்பர். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா, அப்பப்பா என அடுக்குவர். தாய்க்கும் தந்தைக்கும் பெயர்கள் பெரிதும் மாறாதிருக்க, முந்திய தலைமுறைக்கு மட்டும் ஊர்தோறும் பெயர் மாறுதல் நோக்கத்தக்கது. இவற்றுட் பல மழலை வாயிற் பிறந்த சொற்களின் வடிவினவாகவே உள்ளன. பெரியோர்க்குப் பெயரிடும் உரிமையைச் சிறியோர் எடுத்துக்கொண்ட இடம் இது.

சிறியோர்க்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கோ ஐயமே இல்லை. பேரன் என்று நாம் இன்று வழங்குவது பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனது பெயரை உடையவன் பெயரன். பாட்டி பெயரை உடையவள் பெயர்த்தி. உறவையே பெயரால் சுட்டும் இச்சொல்லாட்சி சங்க காலத்திலேயே உண்டு. நற்றிணையின் 40ஆம் பாட்டு பரத்தை கூற்றாக அமைந்தது. பாடியவர் கோண்மா நெடுங்கோட்டனார். பிறர்மனை தங்கி வாழ்ந்த தலைவன், தன் மனையில் மகன் பிறந்தான் என்று கேட்டு, நள்ளிரவிற் கள்வனைப் போலத் தன் வீட்டினுள்ளேயே நுழைகின்றான். வாயிலில் மணி ஒலிக்கிறது. புதுமணல் பரப்பிய பந்தரில் பாணர் காவல் இருக்கின்றனர். நெய்யாடிய தலைவி கண்மூடிக் கிடக்கின்றாள். குழவி செவிலியொடு மெல்லணையில் உறங்குகின்றது. இத்துணைப் பெரிய மனைத்தலைவன் ஒளிந்து வரக் காரணம் யாது? தன் தந்தையின் பெயரைத் தாங்கப் பிறந்த ஒரு சிறு மகவு. பாட்டின் ஈற்றடியில்தான் 'பெயரன்' என்னும் சொல் வருகிறது. பரத்தை அச்சொல்லைச் சொல்லும்போது அவள் இதழ்க்கடையில் தோன்றும் எள்ளல் நகையைப் படிப்போர் உணரலாம். பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர் உரையுடன் 1915இல் நற்றிணை அச்சேறிய நாள்முதல் இப்பாட்டு மருதத்திணைக்கு எடுத்துக்காட்டாகப் பயிலப்படுகிறது. பெயரிடு மரபிற்குச் சான்றாகப் பயில்வார் சிலரே.

இதனினும் சிறந்த சான்று ஐங்குறுநூற்றில் உள்ளது. பேயனார் பாடிய முல்லைப் பகுதியின் தொடக்கத்தில், 401 முதல் 410 வரையுள்ள பாட்டுகள் செவிலி கூற்றுப் பத்து எனப்படும். மணம் முடித்துக் கணவன் மனை சென்ற மகளைக் காணச் செவிலி செல்கின்றாள். கண்டவற்றைத் திரும்பி வந்து நற்றாய்க்குக் கூறுகின்றாள். கற்பு வாழ்க்கையின் சிறப்பைக் கூறும் பகுதி என்றே இதனை உரையாளர் கொள்வர், அது தவறன்று. ஆயினும் செவிலி எதனைக் கண்டு வந்தாள் என்று நோக்குக. முதற் பாட்டில், நடுவே குட்டியை வைத்து இருபுறமும் மான்கள் கிடப்பதுபோல், புதல்வனை நடுவிலிட்டு அவ்விருவரும் கிடந்த இனிமையைக் கூறுகின்றாள். 403ஆம் பாட்டில், தலைவனது உள்ளம் காதலியினும் மகன்பால் மிகுதியாகச் சாய்ந்துவிட்டது என்கின்றாள். எதனால் சாய்ந்தது? தந்தையின் பெயர் தாங்கிய அச்சிறுவன், முறுவலித்து இனிய நகை காட்டிச் சிறுதேர் உருட்டிக்கொண்டு தளர்நடை நடந்தமையால். பெயரன் என்னும் சொல்லும் நகை என்னும் சொல்லும் இங்கே அடுத்தடுத்து வந்து அமர்கின்றன.

இப்பத்தினைச் சொல்பவள் யார்? கேட்பவள் யார்? சொல்பவள் மகளை வளர்த்தவள். கேட்பவள் மகளைப் பெற்றவள். அச்சிறுவனுக்கு இவ்விருவரும் என்ன உறவு? பாட்டியரே. அகப்பொருள் இலக்கணம் அவர்களைச் செவிலி, நற்றாய் என்றே அழைத்துப் பழகியமையால், நாமும் அவர்கள் அடைந்த புதிய நிலையைக் காணத் தவறினோம். களவின்கண் மகளைத் தேடி அழுத அதே தாயர், கற்பின்கண் பெயரன் நடையைப் பற்றிப் பேசிச் சிரிக்கின்றனர். ஒருத்தி நேரிற் கண்டு வந்தாள். மற்றொருத்தி கேட்டுக் கேட்டே மகிழ்கின்றாள். தேர் எப்படி உருண்டது, எத்தனை அடி நடந்தான், எப்போது சிரித்தான் என்று நற்றாய் திரும்பத் திரும்ப வினவியிருப்பாள் என்று எண்ணுதல் மிகையாகாது. பத்துப் பாட்டும் அவ்வினாக்களுக்கு விடையாக அமைந்தன என்று கொண்டு ஒருமுறை படித்துப் பார்ப்பார், அப்பகுதியின் சுவை இருமடங்காதலை உணர்வர். தமிழில் எமக்குத் தெரிந்த மிகப் பழைய பாட்டிமார் உரையாடல் இதுவே.

பெயரிடு மரபினை அரச குடிகளிலும் காணலாம். பல்லவருள் முதலாம் மகேந்திரவர்மனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன். அவன் மகன் இரண்டாம் மகேந்திரவர்மன். சோழருள் முதலாம் பராந்தகனின் மகன் அரிஞ்சயன். அரிஞ்சயன் மகன் சுந்தரசோழனுக்குப் பராந்தகன் என்பதே இயற்பெயர். சோழர் பட்டம் ஏறுங்கால் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை ஒருவர் விட்டு ஒருவர் மாறிமாறிப் புனைந்ததும், பாண்டியர் மாறவர்மன், சடையவர்மன் என மாறிமாறி வழங்கியதும் இம்மரபோடு ஒத்து நடப்பன. ஆயின் இவற்றை இயந்திரம் போன்ற விதியாகக் கொள்ளற்க. இராசசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் தாங்கியது பாட்டன் பெயரன்று, பூட்டன் பெயர்.

இவற்றுள் மிகச் சுவையுடையது வேங்கிநாட்டு வழியாகும். முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையைக் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தான். அவள் வயிற்றுப் பிறந்தவன் இராசராச நரேந்திரன். தாயைப் பெற்ற பாட்டனின் பெயரே அவனுக்கு வாய்த்தது. கி.பி. 1022இல் முடி சூடிய இவ்விராசராச நரேந்திரன், முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்கட்குப் பிறந்த மகனுக்கு இராசேந்திரன் என்று பெயர். அதுவும் தாயைப் பெற்ற பாட்டன் பெயரே. இவ்விராசேந்திரனே 1070இல் சோழ அரியணை ஏறி முதலாம் குலோத்துங்கன் எனப் புகழ்பெற்றான். கோதாவரிக் கரையில் இரண்டு தலைமுறையாகத் தஞ்சைப் பாட்டன்மாரின் பெயர்களே தொட்டிலில் ஒலித்தன என்பது வரலாறு.

இக்குலோத்துங்கன் குழவியாய் இருந்தபோது நிகழ்ந்ததாக ஒரு காட்சியைச் சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியின் அவதாரப் பகுதியில் அமைத்துள்ளார். கங்கைகொண்ட சோழனின் தேவி, மகள் பெற்ற மகவின் உடலமைதியைக் கண்டு, இவன் எமக்கே மகனாகிக் கதிரவன் குலத்தை விளங்கச் செய்யத் தக்கவன் என்று உவக்கின்றாள். இவ்விடத்தை வரலாற்றாசிரியர் அரசுரிமை பற்றிய சான்றாகவே ஆராய்ந்துள்ளனர். மகவேற்பு நிகழ்ந்ததா என்பது அவர்தம் வினா. கலிங்கப் போர் முடிந்தபின் பாடிய புலவர், சாளுக்கியத் தந்தைக்குப் பிறந்தவன் சோழ அரியணை ஏறியதற்கு நியாயம் கற்பித்தார் என்பதை யாமும் மறுக்கவில்லை. எம் வினா வேறு. அந்நியாயத்தைச் சொல்ல ஓர் அமைச்சனையோ, நிமித்திகனையோ, தெய்வத்தையோ புலவர் தேர்ந்திருக்கலாம். ஏன் பாட்டியைத் தேர்ந்தார்? பெயரனின் கைகால்களைப் புரட்டிப் பார்த்து, இந்த மூக்கு எங்கள் குடியின் மூக்கு, இந்த நெற்றி எங்கள் தந்தையின் நெற்றி என்று உரிமை கொண்டாடாத பாட்டி எந்த ஊரில் இருக்கின்றாள்? கேட்போர் ஒவ்வொருவரும் தத்தம் மனையிற் கண்டறிந்த காட்சியாதலின், அரசியல் வழக்கொன்று ஐயமின்றி நம்பத்தக்கதாயிற்று. பரணி போன்ற போர்நூலிற்குள் புலவர் மெல்ல நுழைத்த மனையின்பம் இது.

அதன் பின்விளைவும் அறியத்தக்கது. முதலாம் குலோத்துங்கனின் மகன் விக்கிரமசோழன். விக்கிரமன் மகன் மீண்டும் குலோத்துங்கன். இவ்விரண்டாம் குலோத்துங்கன்மேல் ஒட்டக்கூத்தர் பாடியதே இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் மிகப் பழையது. அதாவது, நம் பிள்ளைத்தமிழ் வரிசையின் தலையில் நிற்கும் பிள்ளை, பாட்டன் பெயர் தாங்கிய ஒரு பெயரன். விக்கிரமன், குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என மூன்று தலைமுறையினர் மேலும் உலாப் பாடிய கூத்தருக்கு, அவ்வரண்மனையில் ஏறத்தாழப் பாட்டன் நிலையே வாய்த்திருக்கும்.

இனி நகைக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாட்டுள் நகையை முதலில் வைத்தார். அதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன் கூறினார். பெரும்புலவர் அவைகளில் இந்நான்கும் ஒருங்கு கூடுதல் அரிது. பாட்டன் மனைத் திண்ணையிலோ இவை நாள்தோறும் கூடுகின்றன. மழலையின் திருந்தாச் சொல் இளமை. நிலவைப் பிடித்துத் தருவதாகப் பாட்டன் சொல்ல, அதனை மெய்யென்று நம்பிக் குழந்தை கை நீட்டுதல் மடன். எல்லாம் அறிந்த பாட்டன், எண்ணத் தெரியாதவன்போல் விரல்களைத் தவறாக எண்ணிக் குழந்தையால் திருத்தப்படுதல் பேதைமை. அது மேற்கொண்ட பேதைமை, உண்மைப் பேதைமையன்று. அவ்வாறு திருத்தியபின் குழந்தை பாட்டனைப் பார்த்துக் கைகொட்டுதல் எள்ளல். இறுதியில் உள்ளதே ஆராயத்தக்கது. பிற இடங்களில் எள்ளப்படுவோன் சினப்பான் அல்லது நாணுவான். இங்கே எள்ளப்படுவோனே பெரிதும் மகிழ்கின்றான். தோற்பதற்காகவே ஆடும் ஆட்டம் வேறெவ்வுறவிலும் இத்துணை இயல்பாக நிகழ்வதில்லை. தந்தை மகனிடம் தோற்கச் சிறிது தயங்குவான். அவனுக்கு மகனைத் திருத்தும் கடமை உண்டு. பாட்டனுக்கு அக்கடன் கழிந்தது.

மனைவழக்கிலும் நகைக்கு இடம் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயாற் சொல்லலாகாது என்னும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. மகனுக்கோ மாமனார் பெயரையே இட்டுவிட்டனர். எனவே பெற்ற மகனைப் பெயர் சொல்லி அழைக்க இயலாத தாய், ராசா என்றும் ஐயா என்றும் அப்பு என்றும் அழைத்துக் காலம் கழித்தாள். நம் குடும்பங்களில் செல்லப்பெயர்கள் பெருகியதற்கு இவ்வழக்கமும் ஒரு காரணம். மகனைக் கடிந்துகொள்ளும்போதும் அவளுக்கு இவ்விடர்ப்பாடு உண்டு. பெயர் சொல்லித் திட்டினால், திண்ணையில் இருக்கும் மாமனார் திரும்பிப் பார்ப்பார்.

பெரியவரைச் சிறியவர் வெல்லும் நகைக்குத் தமிழ் மக்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஔவையின் நாவற்பழக் கதை. சுட்ட பழமா, சுடாத பழமா என்று மரத்தின்மேலிருந்த சிறுவன் வினவ, மூதாட்டி மண் ஒட்டிய பழத்தை ஊதி நாணினாள் என்பர். அச்சிறுவன் முருகன் என்பர். இக்கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் தனிப்பாடலைக் கூர்ந்து நோக்குக. வன்மையான கருங்காலிக் கட்டைக்கு அஞ்சாத கோடரி, வாழைத்தண்டின்முன் நாணியதுபோல, எருமை மேய்க்கும் ஒரு காளையிடம் தான் தோற்றமையால் இரவெல்லாம் உறக்கம் வாராது என்பதே அதன் பொருள். அச்செய்யுளில் முருகன் இல்லை, நாவல் மரமும் இல்லை, பழம்கூட இல்லை. காளை என்னும் சொல் இளைஞனையும் குறிக்குமாதலின், சிறுவன் என்பதற்கும் உறுதியில்லை. பின் இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? கதை சொன்னவர்கள் சேர்த்தார்கள். அவர்கள் யார் என்பதற்கு ஏட்டுச் சான்று தேடுதல் வீண். இக்கதையை நாம் ஒவ்வொருவரும் முதன்முதல் எவர் மடியிலிருந்து கேட்டோம் என்று நினைந்து பார்த்தால் போதும். தான் தோற்ற கதையைப் பாட்டி, பெயரனுக்கே சொல்லி, வென்றவனைக் குழந்தையாக்கி, பின்னர்க் கடவுளும் ஆக்கினாள் என்பது எம் துணிபு. உறக்கம் வாராது என்று செய்யுளில் வருந்திய ஔவை, கதையில் சிரிக்கின்றாள்.

மேலைநாட்டில் விக்டர் ஹ்யூகோ, ஜார்ஜ், ஜான் என்னும் தம் பெயரக் குழந்தைகள் இருவரைப் பற்றியே 1877இல் ஒரு கவிதை நூல் வெளியிட்டார். அக்குழந்தைகளின் தந்தை சார்ல் 1871இல் இறந்தார்; மகனை இழந்த முதியவரின் நகை அந்நூலில் உள்ளது. நம் பழம்புலவர் எவரும் இவ்வாறு தனிநூல் செய்திலர். நம் மரபில் அந்நூல் எழுதப்படாமல், வாயில் இருந்தது.

வாய்மொழியை நம் இலக்கணம் இகழ்ந்ததில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு பிசியையும் முதுசொல்லையும் ஒரே வரிசையில் வைத்தெண்ணினார். பிசியாவது இன்று நாம் விடுகதை என்பது. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, எல்லார்க்கும் பங்கிட்டு, விரல்களை நண்டாக்கிக் கை வழியே ஏறவிட்டுக் கக்கத்தில் கூச்சம் காட்டும் ஆடலும், நரி வந்தது என்ற அளவிலேயே முடிந்துபோகும் ஒருவரிக் கதையும், விடை தெரிந்தும் மீண்டும் மீண்டும் கேட்கப்படும் விடுகதையும் இவ்வரிசையில் வைக்கத்தக்கனவே. இதனை யாம் ஆய்வேட்டின் ஓர் இயலாக எழுதியபோது, மூத்த அறிஞர் ஒருவர், கிழவி கதைக்கெல்லாம் பட்டம் தருவதாயின் கிழவிக்கே தந்துவிடலாமே என்றார். அவர் நகையாகக் கூறினார். அவ்வியலை யாம் நீக்கிவிட்டோம். அவர் சொல்லில் ஓர் உண்மை இருந்தது என்பதை அன்று யாம் அறிந்திலேம்.

அவ்வியலுக்காகப் பொருநைக் கரைச் சிற்றூர்களில் ஒலிப்பதிவுக் கருவியுடன் யாம் பல நாள் திரிந்தோம். முன்பின் அறியாத மூதாட்டியர் வாயிலிருந்து விடுகதைகளைத் திரட்டினோம். கருவியைக் கண்டால் அவர்கள் வாய் மூடிக்கொள்வர். பெயரக் குழந்தை ஒன்று வந்து மடியில் அமர்ந்தால் தாமே தொடங்குவர். இந்நுட்பத்தை வெளியூரில் கற்ற யாம், எம் மனையில் நாள்தோறும் மாலையில் எம் தாயார் எம் மகளுக்குச் சொல்லிவந்தவற்றுள் ஒன்றையும் பதிவு செய்தோமல்லேம். மனையில் உள்ளதுதானே, எப்போது வேண்டுமாயினும் ஆகும் என்றிருந்தோம். சென்ற ஆண்டு தாயார் மறைந்தார்.

எம் மகளுக்கு அகவை ஏழு. ஆச்சி சொன்னவற்றுள் நினைவில் உள்ளவற்றைச் சொல்லுமாறு கேட்டு, முறைப்படி பதிவுத்தாளில் பெயர், ஊர், அகவை, எவரிடம் கேட்டது என்னும் நான்கு கட்டங்களையும் நிரப்பத் தொடங்கினோம். பதினான்கு விடுகதை வரை அவள் தடையின்றிச் சொன்னாள். பதினைந்தாவதாக அவள் சொன்னது: "கதவு ரெண்டு உண்டு, காவலுக்கு ஆளில்லை, உள்ளே பேச்சு மட்டும் ஓயாது." விடை, ஆச்சி வாய். இதனை அவள் ஈராண்டுக்கு முன் ஒரு மாலையில் தானே கட்டினாள். யாம் அருகிருந்து கேட்டோம். இதழ்களைக் கதவாக்கிப் பல்லின்மையைக் காவலின்மையாக்கிய அவ்வுவமத்தைக் கேட்டு எம் தாயார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததும், அண்டை வீட்டார் ஒவ்வொருவரையும் அழைத்து அதனை மீண்டும் சொல்லச் செய்ததும் எமக்கு நன்கு நினைவுண்டு. எனினும் நான்காம் கட்டத்தை நிரப்பும்பொருட்டு, இது எவரிடம் கேட்டது என்று வினவினோம்.

"ஆச்சிதான் சொன்னா" என்றாள். அவ்வாறே எழுதினோம்.